தொண்ணூறு நொடி

முதல் பாடம்: எடுக்காதே.
எழுது.
நோட்டின் நடுத்தாளைக் கிழித்து நான்கு கட்டம் போடு.
ஒன்றில் பொருள். ஒன்றில் அதைத் தொடும் கை.
ஒன்றில் நீ சொல்லப்போகும் குறை.
நான்காவதை நான் சொல்லும்வரை காலியாக விடு.
அதில் என்ன வரும் என்று
அன்றைக்கு எனக்கே தெரியாது.

குடியாத்தம் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு பி.
முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு போன்,
அதுவும் என்னுடையது, மேல்மூலையில் விரிசல் விட்டது.
மூன்று செங்கல், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்: ஸ்டாண்டு.
பத்து மணி வெயிலில்
எந்த முகத்தைப் பிடித்தாலும் வெளுத்துப்போகும்.
எனவே பிரேயர் முடிந்த கையோடு
ஓட்டமும் நடையுமாகப் படப்பிடிப்பு.

இம்தியாஸ் ஐந்து ரூபாய் பேனாவை விமர்சித்தான்.
"ஹாய் பிரண்ட்ஸ்" என்று கையை விரித்தபோது
குரல் அவனுடையதாக இல்லை.
எங்கோ ஏசி அறையில் இருக்கிற யாரோ
அவன் தொண்டையில் வாடகைக்கு இருந்தார்.
எத்தனை பக்கம் எழுதிப் பார்த்தாய்?
"எழுதல மிஸ். மூடிதான் தொறந்தேன்."
வேற லெவல் என்று சொன்னால்
ஒரு மதிப்பெண் குறைப்பேன் என்றேன்.
பின்பெஞ்சில் யாரோ "சூப்பர் மிஸ்" என்றார்கள்.
அதற்கும் குறைத்தேன்.

சுகந்தி தீப்பெட்டி கொண்டுவந்தாள்.
ஐம்பது குச்சி என்று மேலே போட்டிருந்தது.
எண்ணினாள். நாற்பத்தாறு.
திரும்ப எண்ணினாள்.
பெட்டியைக் கவிழ்த்து லேபிளைப் பார்த்தவள்
மூன்றாவது கட்டத்தை ரப்பரால் அழித்தாள்.
அவள் அம்மா வேலைக்குப் போகிற கம்பெனி.
"வேற எடுத்துக்கினு வரட்டுமா மிஸ்?"
தலையாட்டினேன்.
சொல்லிக்கொடுப்பவள் அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

கோட்டீஸ்வரியின் தாளில்
முதல் கட்டத்தில் குழாய்.
இரண்டில் பாட்டில்.
மூன்றில் ஒன்றுமில்லை.
குறை எங்கே?
"அது தானா வரும் மிஸ்."
தொண்ணூறு நொடிக்கு மேல் ஒரு நொடி கூடாது,
நீட்டினால் எவரும் பார்க்கமாட்டார்கள் என்று
பலகையில் எழுதி அடிக்கோடிட்டது நான்தான்.

சைக்கிள் ஷெட் ஓரம், செங்கல் மேல் போன்.
குழாயடியில் பாட்டில்.
அவள் படத்துக்குள் வரவில்லை, பேசவில்லை.
தண்ணீர்,
தறியில் அறுந்த இழையைப்போல
விட்டு விட்டு இறங்கியது.
இருபதாவது நொடியில் அடி நனைந்தது.
ஒரு காக்கை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.
இன்னொரு கை இன்னொரு பாட்டிலோடு ஓரத்தில் நுழைந்து
காத்திருந்து
விலகியது.
தொண்ணூறு.
மூன்று விரற்கடை.
முடிந்தது.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது
யாரும் சிரிக்கவில்லை. இம்தியாஸ்தான்,
தன் சொந்தக் குரலில்,
"இன்னா, அவ்ளோதானா? பாட்டிலு ரொம்பவே இல்லியே!"
"மிஸ் குடுத்தது அவ்ளோதான்" என்றாள்.
முப்பத்தெட்டு பாட்டில், பத்து நிமிட இடைவேளை.
கணக்கை மனசுக்குள் ஆரம்பித்து
பாதியில் விட்டேன்.

தலைமையாசிரியர் நின்றபடியே பார்த்தார்.
"நல்லாத்தான் கீது. ஸ்கூல் பேரு தெரியாம எடுத்திருக்கலாமே."
பேர் எங்கேயும் இல்லை சார்.
மறுபடி போடச் சொன்னார்.
"சவுண்டு வர்லியே?"
வருது சார். அந்தச் சொட்டுதான் சவுண்டு.
மூன்றாம் முறை அவரே தொட்டு ஓடவிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பித் தந்தார்.

மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன்.
நான் சொல்வதற்காகக் காத்திருக்காமல்
நான்காவது கட்டத்தில்
கோட்டீஸ்வரி ஒரு தேதி போட்டிருந்தாள்:
அடுத்த திங்கள்.
கீழே, சின்னதாக, "மீதி".

போனைச் சார்ஜில் போட்டேன்.